அவிழ்த்துவிட்ட பிறகு அது எங்கே போகும்? விலங்கு உரிமைப் படங்கள்: ஓர் ஒப்பீடு

விலங்குகளுக்காகப் போராடுகிறவர்களைப் பற்றிய கதைப் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பிரிப்பேன். கூண்டைத் திறந்துவிட்ட பிறகு அந்த விலங்கு எங்கே போகிறது? பல படங்கள் கூண்டு திறக்கிற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகின்றன. சில படங்கள்தான் அதற்கு அப்புறமும் கூடவே நடக்கின்றன.

கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 2023 மார்ச்சில், கேரளத்துச் சின்னக்கானலில் திரிந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்து முகாமில் அடைக்கக் கேரள வனத்துறை ஏற்பாடு செய்தபோது, விலங்கு ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் போய்த் தடுத்தார்கள். வேறு காட்டில் விடலாம், பரம்பிக்குளம் சரியாக இருக்கும் என்றது நிபுணர் குழு. உடனே அந்தப் பக்கத்து மக்கள் எங்களுக்கு வேண்டாம் என்று தெருவில் இறங்கினார்கள். கடைசியில் ஏப்ரல் 29 அன்று பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதம் முடிவதற்குள், மே 27 அன்று அது கம்பம் தெருவில் நின்றது. 144 தடை உத்தரவு போட்டார்கள். அது தட்டிவிட்டதில் பைக்கில் வந்த ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனது.

அந்த யானைக்காக நீதிமன்றம் போனவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. காட்டில் திரிந்த ஒரு யானை ஆயுசு முழுக்கச் சங்கிலியில் நிற்பதை யாராவது ஒருவர் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அரிசிக்காக அது திரும்பத் திரும்ப உடைத்த பன்னியார் ரேஷன் கடையை நம்பி லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருக்கிற தமிழ்த் தோட்டத் தொழிலாளிகளின் குரல் அந்த விவாதத்தில் சன்னமாகத்தான் கேட்டது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துக்கொள்கிற படமாக இருந்தால்தான் நம்ம பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்ட முடியும்.

முதலில் ஒதுக்க வேண்டியவற்றை ஒதுக்கிவிடுகிறேன். டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' (2002) படத்தில் ஆர்வலர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்து சிம்பன்ஸியைத் திறந்துவிட, அதிலிருந்து நோய் பரவி நாடே அழிகிறது. டெர்ரி கில்லியமின் '12 மங்கீஸ்' (1995) கொஞ்சம் நியாயமானது. கிருமியைப் பரப்பியது ஆர்வலர் கூட்டம்தான் என்று படம் முழுக்கச் சந்தேகப்பட வைத்துவிட்டு, அவர்கள் செய்தது மிருகக்காட்சி சாலையைத் திறந்துவிட்டது மட்டும்தான் என்று முடிக்கிறது. இரண்டுமே நல்ல பரபரப்புப் படங்கள்தான். ஆனால் இரண்டிலும் விலங்கும் ஆர்வலரும் கதையைக் கிளப்பிவிடத்தான் பயன்படுகிறார்கள். நம்ம கேள்விக்கு அங்கே பதில் தேட வேண்டாம்.

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்' (2006) அப்படியில்லை. எரிக் ஷ்லாஸரின் கட்டுரைப் புத்தகத்தைக் கதையாக்கிய படம் அது. பாதிக்கு மேல் மாமிச ஆலையில் வேலை செய்கிற மெக்சிகோ ஆட்களின் கதை. ஆனால் ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ராத்திரியில் போய் ஆலைக்காரன் மாட்டுப்பட்டியின் கம்பிவேலியை வெட்டுகிறார்கள். மாடுகள் நகரவில்லை. போ போ என்று கெஞ்சுகிறார்கள், தள்ளிப் பார்க்கிறார்கள். அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

நம்ம பக்கம் மலைமாடு மேய்க்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கிடை போட்ட வயலில் பெரிதாக வேலி ஒன்றும் இருக்காது. ராத்திரி முழுக்க மாடுகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக் கிடக்கும். விடிந்ததும் மாட்டுக்காரர் குரல் கொடுத்து, எப்போதும் முன்னால் போகிற மாடு எழுந்து நடந்தால்தான் மற்றவை கிளம்பும். முன் ஏர் போன வழிதான் பின் ஏர். அந்தப் பிள்ளைகளுக்கு மாட்டின் மேல் இரக்கம் இருந்தது, மாட்டோடு பழக்கம் இல்லை. படம் அவர்களைக் கேலி செய்யவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. தோற்றுப்போய் அவர்கள் ஓடும்போது நமக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் முழுப் படமாக இது சிதறிக் கிடக்கிறது. கடைசியில் வரும் ஆலைக் காட்சிகள் நிஜ அறுப்பு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது.

ஆர்வலர்களையே நடுவில் வைத்து எடுத்த படம் என்றால் பாங் ஜூன் ஹோவின் 'ஓக்ஜா' (2017) தான். கொரிய மலையில் மீஜா என்ற சிறுமி வளர்த்த ராட்சதப் பன்றியைக் கம்பெனி திரும்ப எடுத்துப் போகிறது. முகமூடி போட்ட விலங்கு விடுதலைக் குழு வந்து மீட்கிறது. அதோடு முடித்திருந்தால் இது சாதாரணப் படமாகப் போயிருக்கும். ஓக்ஜாவின் காதில் கேமராவை வைத்து ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பினால் உள்ளே நடக்கிற கொடுமை வெளியே வரும் என்பது குழுவின் திட்டம். பிள்ளை சம்மதித்தால்தான் செய்வோம் என்கிறார் தலைவர் ஜே. மலைக்கே கூட்டிப் போக வேண்டும் என்கிறாள் மீஜா. நடுவில் நின்று மொழிபெயர்க்கிற கே, அவள் சம்மதித்துவிட்டதாகப் பொய் சொல்கிறான். அந்தப் பொய்க்கு ஓக்ஜா தன் உடம்பால் விலை கொடுக்கிறது. பிறகு உண்மை தெரிந்து ஜே, கேயை அடித்துத் துரத்துகிறார். ஆர்வலர்களின் நோக்கத்தை இவ்வளவு மதித்து, அவர்கள் செய்த தவறை இவ்வளவு நேராகக் காட்டிய படம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. நல்ல காரியம் என்றாலும், பாதிக்கப்படுகிறவரிடம் கேட்காமல் செய்யக்கூடாது என்பதை ஒரு சிறுமியின் முகத்தை வைத்தே சொல்லிவிடுகிறது.

அப்புறம் நம்ம கேள்வி. ஓக்ஜா மலைக்குத் திரும்புகிறது, ஆனால் போராட்டத்தால் இல்லை. மீஜா தங்கப் பன்றிப் பொம்மையைக் கொடுத்து அதை விலைக்கு வாங்குகிறாள். இருவரும் வெளியே நடக்கும்போது கம்பிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பன்றிகள் நிற்கின்றன. ஒரு ஜோடி மட்டும் தன் குட்டியை வேலிக்கு வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு விலங்குக்குப் போக இடம் இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை என்பதைப் படம் மறைக்கவில்லை. குறை என்றால், அந்த மலையில் பக்கத்து வீடே இல்லை. ஓக்ஜா யார் தோட்டத்தையும் மிதிக்கவில்லை. கம்பத்துக்காரருக்கு அங்கேதான் உதைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரையும் காட்டுகிற படங்கள் என்று பார்த்தால் பிரபு சாலமனின் 'காடன்' (2021), அமித் மசூர்க்கரின் 'ஷேர்னி' (2021) இரண்டும்தான் போட்டியில் நிற்கின்றன. இரண்டுக்கும் விஷயம் ஒன்றே, விலங்கு போகிற வழியை மனிதன் அடைத்துவிட்டான்.

'காடன்' யானைத்தடத்தில் ஒரு அமைச்சர் எழுப்பும் மதிலையும், அதை எதிர்க்கிற காடன் என்ற காட்டு மனிதரையும் பற்றியது. தமிழில் பேசுகிறது, யானைகளைக் கண்ணாரக் காட்டுகிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். காடனாக ராணா உடம்பை வருத்தி நடித்திருக்கிறார். ஆனால் அமைச்சர் அவ்வளவு கெட்டவர், காடன் அவ்வளவு நல்லவர் என்று ஆனபிறகு மற்றவர்கள் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. ஒரு அமைச்சர் தோற்றால் யானைக்கு வழி கிடைத்துவிடும் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப்பில் போகிற பெண்ணுக்கு இந்தக் கதையில் இடமும் இல்லை.

'ஷேர்னி'யில் கொடி பிடிக்கிற ஆர்வலர் யாரும் கிடையாது. 2018-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் சுட்டுக் கொல்லப்பட்ட அவ்னி என்ற பெண்புலியின் கதையை ஒட்டி எடுத்தது. வித்யா பாலன் நடித்த வன அதிகாரி, ஒரு விலங்கியல் பேராசிரியர், கிராமத்துப் பெண்கள் சிலர், இவர்கள் சேர்ந்து ஒரு புலியையும் குட்டிகளையும் உயிரோடு தேசியப் பூங்காவுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் வனத்துறை மரம் நட்டுவிட்டதால் ஜனங்கள் மாட்டை உள்காட்டுக்கு ஓட்டுகிறார்கள், அங்கே புலி அடிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் வந்தபிறகு மலைமாட்டுக்காரர்கள் படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். புலிக்குத் திறந்திருக்க வேண்டிய வழியில் ஒரு தாமிரச் சுரங்கம் பள்ளமாகக் கிடக்கிறது. யாரும் கத்தவில்லை. அதிகாரி அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்க்கிறார், அவ்வளவுதான். நான் இத்தனை படங்களிலும் தேடிய கேள்வியை அந்த ஒரு ஷாட் நேருக்கு நேர் கேட்டுவிடுகிறது.

அதனால் ஒரே ஒரு படம்தான் என்றால் 'ஷேர்னி'. இன்னொன்றுக்கு நேரம் இருந்தால் 'ஓக்ஜா', பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களோடு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் 'காடன்' முன்னால் வரட்டும். 'ஷேர்னி' இந்திப் படம், வசனம் ஓடும் வேகத்தில் கீழே வருகிற எழுத்தைப் படிப்பது எல்லோருக்கும் முடியாது. கூட்டமாகப் போடுகிறவர்கள், முன்னாடியே ஒரு தடவை பார்த்த ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். கிராமத்து ஜனங்கள் வனத்துறையோடு வாக்குவாதம் செய்கிற காட்சிகளில் மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் போதும். மீதியை நம்ம ஆட்கள் பார்த்தே புரிந்துகொள்வார்கள்.