நால்வரா, அறுவரா? சிறிய கைமணிக் குழுவுக்கான கிறிஸ்துமஸ் இசை

கைமணி என்பது கையில் பிடித்து அசைத்து இசைக்கும் மணி; ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தரும். அமெரிக்கத் தேவாலயங்களில் பரவலாகப் புழங்கும் மூன்று ஆக்டேவ் (ஸ்தாயி) கைமணித் தொகுதியில் 37 மணிகள் இருக்கும். அவற்றை இசைக்க வழக்கமாகப் பதினொரு பேர் வேண்டும். டிசம்பர் மாதத்தில் அந்தப் பதினொருவரையும் ஒரே மாலையில் ஒத்திகைக்குத் திரட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்பது குழு நடத்துபவர்களுக்குத் தெரியும். ஐந்தாறு பேர் மட்டுமே வந்து நிற்கும் நிலையில் அவர்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. பெரிய குழுவுக்காக அச்சிட்ட இசைக்குறிப்பைக் குறைத்து வாசிக்கலாம். பன்னிரண்டு மணிகளுக்கென்றே அமைத்த இசையை ஆறு பேர், கைக்கு ஒரு மணியாக இசைக்கலாம். அல்லது நான்கு பேர், கைக்கு இரண்டு மணிகளைப் பிடித்து இசைக்கலாம்.

முதல் வழியை விரைவாகக் கடந்துவிடலாம். கைமணி இசையில் ஒரு மெட்டு ஒருவரிடம் இருப்பதில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் ஒவ்வொருவர் கையில் இருக்கிறது. வயலின் கலைஞர் ஒருவர் வராவிட்டால் வயலின் ஒலி சற்று மெலியும், அவ்வளவுதான். மணிக்காரர் ஒருவர் வராவிட்டால் மெட்டிலேயே ஓட்டை விழும். நான் இடம்பெற்றிருந்த ஒரு குழுவில் இப்படிக் குறைத்து வாசித்தபோது, துணைச் சுருதிகளை மட்டும் நீக்கியதாகத்தான் எண்ணினோம். மெட்டு கீழே இறங்கும் ஓரிடத்தில் அதே மணிகள் தேவைப்பட்டன என்பது மணிகளை அடுக்கிய மேசையின் முன் நின்ற பிறகுதான் தெரிந்தது. காப்புரிமை உள்ள அமைப்பை மாற்றி எழுதப் பதிப்பாளரின் அனுமதியும் வேண்டும். எனவே உண்மையான போட்டி மற்ற இரண்டு வழிகளுக்கு இடையில்தான்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மணிகளின் எண்ணிக்கையில் இல்லை, ஒலியை அடக்குவதில் இருக்கிறது. மணியின் நாக்கு முன்னும் பின்னுமாக ஒரே தளத்தில்தான் அசையும். ஆகவே ஒரு கையில் இரண்டு மணிகளைப் பிடிக்கும்போது, ஒன்றின் நாக்கு மற்றதற்குக் குறுக்காக அசையும்படி பிடியை அமைப்பார்கள். மணிக்கட்டை முன்னே வீசினால் ஒரு மணியும், கதவைத் தட்டுவதுபோல் பக்கவாட்டில் அசைத்தால் மற்றதும் ஒலிக்கும். அடிப்பதற்கு இது அழகான உபாயம். ஆனால் ஒலித்த மணியைத் தோளில் ஒற்றி அடக்கும்போது கூடவே மற்றதும் அடங்கிவிடுகிறது. அடக்காமல் விட்டால் பழைய சுருதி புதிய சுருதியின்மேல் படிகிறது. ஆங்கிலேயக் கைமணியில் அடிப்படைச் சுருதிக்கு ஓர் ஆக்டேவும் ஓர் ஐந்தாம் ஸ்வரமும் மேலே துணையொலி ஒன்று வலுவாகக் கேட்கும் என்பதால், இந்தப் படிவு காதுக்கு விரைவிலேயே கலங்கலாகிவிடும்.

பாட்டுக்குப் பாட்டு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ‘ஜாய் டு தி வேர்ல்ட்’ பாடலின் மெட்டு முழுவதும் ஓர் ஆக்டேவுக்குள் அடங்குகிறது. அதன் முதல் வரியே மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரை ச நி த ப ம க ரி ச என்று ஒரு ஸ்வரமும் விடாமல் இறங்கும், சங்கராபரணத்தின் அவரோகணமேதான். எட்டு மணிகள் மெட்டுக்குப் போக, அறுவர் குழுவிடம் துணைக்கு நான்கு மணிகள் மீதமிருக்கும். ஒவ்வொருவரும் அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை வலக்கை, இடக்கை என்று அடித்து உடனே அடக்க, அந்த வரி கைமாறிக் கைமாறி மேசை நெடுகப் போவதைச் சபையார் கண்ணாலும் பார்க்கலாம். நால்வர் முறையில் இந்தக் காட்சி பாதியாகிவிடும், ஒலியும் தெளிவிழக்கும். ஆறு பேருக்கே என் வாக்கு.

‘சைலண்ட் நைட்’ வேறு வகையான சிக்கல். 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் கிதார் துணையோடு முதலில் பாடப்பட்ட இந்தப் பாடலின் மெட்டு, கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் மத்யமம் வரை பதினொரு ஸ்வரங்களைத் தொடுகிறது. பன்னிரண்டில் மிஞ்சுவது ஒரே ஒரு மணி. ஆயினும் பாட்டுக்கு அடிப்படையாக மூன்று சுரக்கட்டுகளே (கார்டுகள், அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்புகள்) போதும், அவை மூன்றும் மெட்டின் மணிகளுக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன. நடை மெதுவானது என்பதால் அடக்குவதற்கும் அவகாசம் உண்டு. குறை ஒன்றுதான்: கைமணி, குறிப்பில் எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் மேலே ஒலிப்பதால், பாட்டு முடியும் ஸட்ஜத்துக்குக் கீழே எதுவுமில்லாமல் முடிவு அந்தரத்தில் நிற்கும். கடைசி வரிக்கு மட்டும் ஆர்கன் சேர்ந்தால் இது தீர்ந்துவிடும். வசதியுள்ள குழுக்கள் மெட்டை அலுமினியக் குழாய்களான சைம்களுக்குக் கொடுக்கின்றன. அவற்றின் மென்மையான ஒலி தாலாட்டுக்கு மணியைவிடப் பொருத்தமானது என்பது என் எண்ணம்.

நால்வர் முறை வெல்லும் இடம் ‘கேரல் ஆஃப் தி பெல்ஸ்’. உக்ரைனிய இசையமைப்பாளர் மிகோலா லியோன்டோவிச் அமைத்து, 1916இல் கீவ் நகரில் முதலில் பாடப்பட்ட சேர்ந்திசை அது. இன்று உலகறிந்த ஆங்கில வரிகள் 1936இல் வந்தவை. பாட்டின் உயிர், ‘க ரி க ச’ என்று திரும்பத் திரும்ப வரும் நான்கு அடிகள். அதற்குத் தேவை மூன்றே மணிகள். அறுவர் குழுவில் ரிஷபமும் காந்தாரமும் ஒருவரிடமும் ஸட்ஜம் பக்கத்தவரிடமும் இருப்பதால், வேகம் ஏற ஏற இருவருக்கும் இடையே நூலிழை பிசகினாலும் தாளம் நொண்டும். கைக்கு இரண்டு பிடிக்கத் தெரிந்த ஒருவர் அந்த மூன்றையும் தாமே வைத்துக்கொண்டு ஒரே சீராகச் சுழற்றலாம். அந்த மூன்று மணிகளின் ஒலி ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் அது ஆலய மணிகளின் முழக்கம்போல் பாட்டோடு இழைந்தே போகும். மற்ற மூவரும் படிப்படியாக இறங்கும் கீழ்க்குரலைப் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்கும் குழு கைக்கு இரண்டு மணி என்ற பயிற்சியை அட்வெந்து காலத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், தொடங்கக் கூடாது. மணிக்கட்டு பழக மாதங்கள் பிடிக்கும். பன்னிரண்டு மணி அமைப்பையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் பக்கத்தவரின் பகுதியையும் ஒருமுறை வாசித்துப் பழகுவது நல்லது. கிறிஸ்துமஸ் இரவில் ஐந்து பேரே வந்தாலும், வராதவரின் இரண்டு மணிகளை இருபுறமும் நிற்பவர்கள் ஆளுக்கொன்றாக மேசை விரிப்பின்மேல் வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் கைமாற்றி எடுத்து அடிக்கலாம்.