கிரீஸ் தீவுகளில் ஒரு வாரப் பாய்மரப் படகு: கேப்டனோடு எடுங்கள்

காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்கு அனுப்புவது என் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போதுதான் ஊரைவிட்டு நகர முடியும். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் ஏற்பாட்டில் ஜூன் தொடக்கத்தில் குடும்பமாக கிரீஸ் போனோம். ஒரு வாரம் பாய்மரப் படகிலேயே தங்கி சாரோனிக் வளைகுடாத் தீவுகளைச் சுற்றினோம். கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று ராயபுரத்தில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். தகும், கேப்டனோடு எடுத்தால்.

உரிமம் உள்ளவர்களுக்கு வெறும் படகையும் தருவார்கள். கேப்டன் வேண்டுமென்றால் தினச் சம்பளம் தனி, சாப்பாடு நம் பொறுப்பு, படுக்க அவருக்கு ஓர் இடமும் விட வேண்டும். மகனிடம் உரிமம் இருக்கிறது. இருந்தாலும் கேப்டன் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன்.

அதன் அருமை ஹைட்ராவில் தெரிந்தது. அந்தத் தீவில் கார், பைக் கிடையாது. மூட்டை முடிச்செல்லாம் கோவேறு கழுதை முதுகில்தான் போகும். துறைமுகம் ரொம்பச் சின்னது. படகுகள் ஒன்றுக்கு முன் ஒன்றாக வரிசை கட்டி நிற்கின்றன. முன்னால் நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, பின்பக்கத்துக் கயிறுகளைக் கரையில் கட்ட வேண்டும். மறுநாள் கிளம்பும்போது அடுத்த படகின் சங்கிலி எங்கள் நங்கூரத்தில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. கேப்டன் அந்தச் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார், எங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினார், கழன்றுவிட்டது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. காலமெல்லாம் லாஞ்சில் கடலுக்குப் போன என் வீட்டுக்காரர், “நல்ல கை” என்றார். அவர் லேசில் யாரையும் அப்படிச் சொல்ல மாட்டார்.

படகை ஏதென்ஸ் பக்கத்து அலிமோஸில் சனிக்கிழமை மாலை தருகிறார்கள். வெள்ளி மாலையே திரும்பி வந்து, சனி காலை ஒப்படைக்க வேண்டும். ஆக, ஒரு வார வாடகை கொடுத்தாலும் கடலில் இருப்பது ஆறு நாள்தான். டீசல், துப்புரவுக் கட்டணம் எல்லாம் வாடகைக்கு மேலே. படகுக்குச் சேதம் வந்தால் கழித்துக்கொள்ள முன்பணமாக ஒரு பெரிய தொகையும் பிடித்து வைப்பார்கள். அதனால் வாங்கும்போதே ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கொடுத்த படகில் கழிவறைக் கைப்பம்பு முதல் நாளே மக்கர் செய்தது. கம்பெனிக்குப் போன் செய்தால் “பார்க்கிறோம்” என்றார்கள், மறுநாள் மாலைவரை யாரும் வரவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரரும் கேப்டனும் சேர்ந்துதான் பிரித்து மாட்டினார்கள். இவ்வளவு வாடகை வாங்குகிறவர்கள் இதைச் சரிபார்த்துத் தர வேண்டாமா?

காற்று விஷயத்தில் ஜூன் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்தெமி என்ற வடக்குக் காற்று நாள் கணக்கில் பலமாக வீசும். சாரோனிக் வளைகுடா கொஞ்சம் ஒதுக்குப்புறம், சைக்லேட்ஸ் தீவுகள் பக்கம் அளவுக்கு அடி வாங்காது. குழந்தைகள், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. ஒன்று, ஜூனில் காற்று குறைவாக இருக்கும் நாளில் பாதி வழி இன்ஜினில்தான் போவீர்கள். தண்ணீரும் சில்லென்றுதான் இருக்கும். முட்டிவலி உள்ளவர்களுக்குப் படகுக்கும் கரைக்கும் நடுவே போடும் பலகையில் ஏறி இறங்குவது சிரமம். என் தங்கை ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

போரோஸில் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே குறுகலான கால்வாயில் நுழைவது அழகு. ஸ்பெட்சஸ் தீவில் புபுலினா வீட்டை அவசியம் பாருங்கள். 1821 கிரேக்க விடுதலைப் போரில் சொந்தக் கப்பல்களோடு துருக்கியருக்கு எதிராக இறங்கிய பெண். பிள்ளைகளை வைத்துக்கொண்டு விதவையாகக் கப்பல் தொழிலையும் நடத்தியவர். அந்த வீட்டை விட்டு வர எனக்கு மனசே இல்லை.

அப்புறம் மீன். கரையோர ஓட்டல்களில் ஐஸில் அடுக்கிய மீனைக் காட்டி, கிலோ கணக்கில் விலை போடுகிறார்கள். எடை போட்ட பிறகு விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். மலிவாக, ருசியாகக் கிடைப்பது காவ்ரோஸ், நம் நெத்திலி இனம்தான். மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து எலுமிச்சையோடு தருகிறார்கள். இதைவிட நல்லது படகிலேயே சமைப்பது. கேஸ் அடுப்பு இருக்கிறது. ஏஜினா தீவில் ஊருக்குள் சின்ன மீன் சந்தை உண்டு, துறையில் படகில் வைத்தே காய்கறியும் விற்கிறார்கள். மிளகாய்த்தூள், புளி ஊரிலிருந்து கொண்டுபோய்விடுங்கள். மீன் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. செவுளைத் தூக்கிப் பாருங்கள், கண் பளிச்சென்று இருக்கிறதா பாருங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.