போர்ட்டிங்குக்கு ஹெட்டைக் கழற்றிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கார் என்ஜினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கொடுத்தால் வீட்டிலேயே கையால் இன்டேக் போர்ட்டிங் (காற்று என்ஜினுக்குள் போகும் பாதையான போர்ட்டைக் குடைந்து சீராக்கும் வேலை) செய்து தருகிறேன் என்று சொல்லும் ஒருவரிடம் என் ஹெட்டைக் கொடுத்தேன். நன்றாக இருந்த ஹெட், இப்போது எதற்கும் உதவாது. ஆளின் பெயரைப் போடப்போவதில்லை. ஆனால் அவர் என்னென்ன செய்தார் என்று விவரமாகச் சொல்கிறேன், வேறு யார் இதே மாதிரி செய்து கொடுத்தாலும் உங்களுக்கு உடனே தெரிய வேண்டும்.

கையால் செய்வதில் தப்பே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டை கிரைண்டர், அதில் மாட்டிச் சுழலவிட்டு வெட்டும், அலுமினியத்துக்கென்று வரும் அகலப் பல் கார்பைடு பர், எமரி ரோல், அப்புறம் நிறையப் பொறுமை. இவை இருந்தால் வார்ப்பில் துருத்தி நிற்கும் பிசிறுகளை எடுக்கலாம், வால்வு சீட்டுக்கு (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) கீழே தொழிற்சாலைக் கருவி வெட்டி விட்டுப்போன கூரான விளிம்பை மழுக்கி மேல்பகுதியோடு இழைக்கலாம். பலனில் பெரும்பகுதி அங்கேதான் கிடைக்கும், ஏனென்றால் காற்று அதிகம் திணறுவது வால்வைச் சுற்றியுள்ள அந்தச் சின்ன இடத்தில்தான்.

எனக்கு வந்த ஹெட்டில் நேர் எதிராக நடந்திருந்தது. போர்ட் வாயில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் விரல் எட்டும் தூரம் வரைக்கும்தான் அந்தப் பாலிஷ், அதற்கு அப்பால் பழைய சொரசொரப்பு அப்படியே. வாயைக் கேஸ்கெட் ஓட்டையின் அளவுக்கு அகலமாக்கியிருக்கிறார், ஆனால் அதோடு சேரும் மானிஃபோல்டை (ஹெட்டுக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய்த் தொகுதி) தொடவே இல்லை, அதனால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி விழுந்துவிட்டது. இன்டேக்குக்கு இவ்வளவு பாலிஷே தேவையில்லை. போர்ட்டுக்குள் பெட்ரோல் தெளிக்கும் என்ஜின்களில் 60, 80 நம்பர் எமரி போட்ட கொஞ்சம் சொரசொரப்பான பரப்பே போதும், ரொம்ப வழவழப்பாக இருந்தால் பெட்ரோல் சுவரில் ஈரமாகப் படிந்து வழிய இடம் கொடுக்கும்.

இதைவிட மோசம் போர்ட்டின் தரைப்பக்கம். காற்று சிலிண்டருக்குள் இறங்கத் திரும்பும் உள்வளைவு மெதுவாக, உருண்டையாக இருக்க வேண்டும். அவர் தரையைத் தாழ்த்திக்கொண்டே போய் அந்த வளைவை ஒரு கூர்முனையாக மாற்றிவிட்டார். வேகமாக வரும் காற்று அந்த முனையில் திரும்ப முடியாமல் சுவரை விட்டுப் பிரிந்து சுழலும். ஓட்டை பெரிதாகியும் உள்ளே போகும் காற்று குறைவது இதனால்தான். வெட்டி எடுத்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட வைப்பதும் லேசான காரியமில்லை.

ஹெட்டோடு ஒரு ஃப்ளோ பெஞ்ச் தாளும் கொடுத்தார், அதாவது போர்ட் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று கருவியில் அளந்த தாள். வேலைக்கு முன் 82 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), பின் 131. கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடியிருக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூலையில் சின்ன எழுத்தில் சோதனை அழுத்தம் இருந்தது: முதல் அளவு 10 அங்குல நீர் அழுத்தத்தில், இரண்டாவது 28 அங்குலத்தில். இங்கேதான் மோசடி. காற்றின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 10-லிருந்து 28-க்குப் போனால் ஹெட்டைத் தொடாமலேயே எண் சுமார் 1.67 மடங்கு ஆகிவிடும், அதாவது என் பழைய ஹெட்டே 28 அங்குலத்தில் 137 காட்டியிருக்கும். அவர் வேலை செய்த பிறகு வந்தது 131. அவர் கொடுத்த தாளின்படியே ஹெட் முன்பைவிட மோசமாகியிருக்கிறது, அதை 60 சதவீத லாபம் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்!

மாட்டி ஓட்டியபோது கீழ் ஆர்பிஎம்மில் இழுவையே இல்லை, மூன்றாவது கியரில் போகும் ஏற்றத்துக்கு இரண்டாவது கேட்டது. ஐட்லிங்கிலும் ஒரு உதறல். கேட்டதற்கு "ஈசியூ ட்யூன் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்றார். ஈசியூ என்பது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி. ட்யூனிங்கால் சரியாகிற விஷயமா இது? ஹெட்டை மறுபடி இறக்கி, போர்ட் வாய் மேலே பார்க்கும்படி வைத்து, வால்வுகளை மூடி, இன்டேக் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். ஒரு வால்வின் ஓரமாக எரிஅறைப் பக்கம் கசிந்து வழிந்தது. வால்வைக் கழற்றினால் சீட்டில் நகம் சிக்கும் அளவுக்கு ஒரு பள்ளம், பர் துள்ளி ஓடிய தடம். சீட்டை மறைக்கப் பழைய வால்வு ஒன்றைக்கூட வைக்காமல் வேலை பார்த்திருக்கிறார். படம் எடுத்து அனுப்பினேன், அதற்கப்புறம் அவர் போனையே எடுப்பதில்லை.

யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும் கொடுக்கும் முன்பே போர்ட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றின் கொள்ளளவையும் பியூரெட்டால் (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) அளந்து எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் அதே முறையில் அளந்தால் எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள், எல்லாப் போர்ட்டும் சமமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஃப்ளோ தாள் கொடுத்தால் முன், பின் இரண்டும் ஒரே அழுத்தத்தில், ஒரே வால்வு லிஃப்டில் (வால்வு திறக்கும் உயரம்) எடுத்ததா என்று எழுத்தில் கேளுங்கள். மாட்டும் முன் மண்ணெண்ணெய்ச் சோதனையை அவர் முன்னாலேயே செய்யுங்கள், தண்ணீர்ப் பாதையையும் அடைத்து அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். போர்ட் சுவருக்குப் பின்னால் கூலன்ட் ஓடுகிறது. சுவர் மெலிந்து துளை விழுந்தால் அந்தத் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும், அப்புறம் போவது ஹெட் மட்டுமல்ல, கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே போய்விடும்.