வெளிநாட்டு மாணவருக்கு மருத்துவம்: கட்டணமா, தனிக் காப்பீடா, பொதுக் காப்பீடா?

வெளிநாட்டிலிருந்து படிக்க வருபவருக்கு நோய் வந்தால் செலவை யார் பார்ப்பது? இதற்கு நாடுகள் மூன்று விதமாக ஏற்பாடு செய்கின்றன. எது சிறந்தது என்று பிரீமியத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மருத்துவரிடம் போன அன்றைக்குக் கையிலிருந்து எவ்வளவு போகிறது, எந்த நோயை ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரிட்டன் விசாவோடு சேர்த்தே கட்டணம் வாங்கிவிடுகிறது. 2015இல் மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டாக இருந்தது, 2024 பிப்ரவரியில் 776 பவுண்டானது. படிப்புக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். விமானம் ஏறும் முன்பே பெரிய தொகை போய்விடும். அப்புறம் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரைப் பார்க்கவோ, மருத்துவமனையில் சேரவோ பில் கிடையாது. பழைய நோய் என்று தள்ளிவைப்பதும் இல்லை. பல் சிகிச்சைக்கும், இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கும் பெரும்பாலும் காசு. ஆனால் கட்டணம் கட்டினால் மட்டும் மருத்துவர் கிடைத்துவிட மாட்டார். வீட்டுக்கு அருகில் உள்ள ஜி.பி.யிடம் தனியாகப் பெயர் பதிய வேண்டும். சிறப்பு மருத்துவருக்கான காத்திருப்பும் நீளம்.

ஆஸ்திரேலியாவில் விசாக் காலம் முழுக்க ஓ.எஸ்.எச்.சி. என்ற தனிக் காப்பீடு கட்டாயம். அரசு அட்டவணையில் உள்ள தொகைக்கு மேல் மருத்துவர் கேட்டால் மீதி மாணவர் தலையில். முன்பே இருக்கும் நோய்களுக்குப் பொதுவாக 12 மாதக் காத்திருப்பு. ஆஸ்துமாவோடு வரும் மாணவருக்கு முதல் வருடம்தான் சோதனை.

அமெரிக்கா இன்னும் மோசம். எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்கு மத்திய அரசு காப்பீடு கேட்பதே இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விதி. பல்கலைக்கழகத் திட்டத்துக்கு விலக்கு வாங்கி, மலிவான பாலிசிக்குப் போகிறவர்கள் டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு, எந்த மருத்துவமனைகள் நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தப் பட்டியலில், உள்ளன என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா மூன்றும் மாணவரை உள்நாட்டு மக்களின் பொதுக் காப்பீட்டிலேயே சேர்க்கின்றன. ஜெர்மனியில் 30 வயதுக்கு உட்பட்டவருக்கு மாணவருக்கான சலுகைக் கட்டணம். மருத்துவரிடம் அட்டையை நீட்டினால் போதும். தொடக்கத்தில் விலக்கு வாங்கித் தனியாருக்குப் போனால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் சேர வேண்டும். சிகிச்சைச் செலவில் 30 சதவீதம் மாணவருடையது, பெரிய பில்லுக்கு மாத உச்சவரம்பு உண்டு. தென்கொரியா 2021 மார்ச்சில் மாணவருக்குப் பொதுக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

கனடா, மாகாணத்துக்கு ஒரு வழி. பிரிட்டிஷ் கொலம்பியா மாதம் 75 டாலர் வாங்கிக்கொண்டு பொதுத் திட்டத்தில் சேர்க்கிறது. ஒன்டாரியோவில் பல்கலைக்கழகங்கள் தனிக் காப்பீடு வைத்திருக்கின்றன.

என் ஓட்டு பொதுக் காப்பீட்டுக்கே. மாணவர்கள் இளைஞர்கள், அதிகம் நோய்ப்படுவதில்லை. அவர்கள் கட்டும் பணம் பொதுத் திட்டத்துக்கும் லாபம்தான். பழைய நோய் என்ற காரணத்தால் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. ஆனால் புது மொழியில் படிவம் நிரப்பவும், எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தேடவும் மாணவரைத் தனியே விட்டால் இதுவும் காகிதத்தோடு நின்றுவிடும். முதல் வாரத்திலேயே வளாகத்தில் ஒரு மேசை போட்டு, காப்பீட்டையும் மருத்துவர் பதிவையும் ஒன்றாக முடித்துத் தரும் வேலையைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் ஜி.பி. பதிவுக்கும் இது பொருந்தும்.