மாடல் ஜெட்டை "கரெக்ஷன்" பண்ணி பெயின்ட் அடிச்சுத் தரேன்னு ஒருத்தர் சுத்துறாரு, உஷார்

மக்களே, ஸ்கேல் மாடல் ஜெட்டை வெளிய குடுத்து கட்டி வாங்கலாம்னு யோசிக்கிறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறமா பணம் அனுப்புங்க. ஆள் பேரு போடல, போட்டும் பிரயோஜனம் இல்ல, அக்கவுன்ட் பேரை அடிக்கடி மாத்திக்கிறாரு.

நான் குடுத்தது 1/48 ஸ்கேல் (நிஜ அளவுல 48ல ஒரு பங்கு) எஃப்-4சி ஃபேன்டம் போர் விமானம், வியட்நாம் போர் சமயத்து அமெரிக்க விமானப்படை கேமோ, அதாவது கண்ணுல படாம இருக்க அடிக்கிற கலர். கிட் (ஒட்டிக் கட்டுற பாகங்கள்) என்னோடது. ரெசின்ல (அச்சுல ஊத்தி எடுக்கற பிளாஸ்டிக்) நல்ல எக்ஸாஸ்ட் நாசில், அதாவது இன்ஜின் புகை வெளிய வர்ற பின்பக்க வாய், மாத்தணும், இன்டேக் (இன்ஜினுக்கு காத்து போற வழி) உள்ள ஒட்டுன கோடு தெரியாம சீம்லெஸ்ஸா இருக்கணும், கலர் சரியான எஃப்எஸ் நம்பர்ல (அமெரிக்க அரசோட கலர் தர எண்) இருக்கணும், இதுதான் பேச்சு. முழுப் பணமும் முன்னாடியே வாங்கிட்டாரு. நடுநடுவுல போட்டோ அனுப்பினாரு பாருங்க, அவ்ளோ சுத்தமான வேலை, நானே நாலு பேருக்கு இவரை சிபாரிசு பண்ணலாம்னு இருந்தேன்.

பார்சல் வந்துச்சு. மொதல்ல கண்ணுல பட்டது பின்பக்கம். எஃப்-4சில இருக்கறது ஜே79-ஜிஇ-15 இன்ஜின், நாசில் குட்டையா இருக்கும். நீளமான நாசில் எஃப்-4இ மாதிரி பின்னாடி வந்த மாடலுக்குத்தான். இவர் நீளமானதை மாட்டியிருக்காரு! அவர் அனுப்பின போட்டோல குட்டை நாசில்தான் இருந்துச்சு, அப்போ அந்த போட்டோ என் பிளேனே இல்ல, வேற யாரோ கட்டினது, அங்கயே புரிஞ்சு போச்சு. சரி ரெசினாவது ஒரிஜினலான்னு பார்த்தா அதுவும் காப்பி. ஒரிஜினல் பீஸ்லேர்ந்து மோல்டு எடுத்து மறுபடி ஊத்தினா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கும், அதனால சுத்தி கேப் விட்டிருக்கு, அந்த கேப்பை பட்டி வச்சு அப்பியிருக்காரு. நாசில் இதழ் மேல எல்லாம் காத்துக்குமிழி ஓட்டை, அம்மைத் தழும்பு மாதிரி.

இன்டேக் கதை இன்னும் மோசம். ரெண்டு இன்டேக்கையும் சிவப்பு கவர் போட்டு மூடி ஒட்டி அனுப்பியிருக்காரு. தரையில நிக்கிற பிளேனுக்கு கவர் போடறது வழக்கம்தான், அதுல தப்பில்ல, ஆனா நான் காசு குடுத்ததே உள்ள நல்லா தெரியணும்னுதானே? மெதுவா கவரை கெளப்பிப் பார்த்தா ஒட்டுன கோடு அப்படியே இருக்கு, மோல்டு பின் தழும்பு கூட தேய்க்கல. அடப்பாவி, இதுக்கு பேரு கரெக்ஷனாம்.

கலருக்கு வருவோம். இந்த கேமோவுக்கு மேல மூணு கலர், எஃப்எஸ் 30219 டேன், 34102 பச்சை, 34079 கரும்பச்சை, அடியில 36622 வெளிர் சாம்பல். மொத நம்பர் 3ன்னா மேட் ஃபினிஷ்னு அர்த்தம், 1ன்னா பளபளப்பு, அதைக்கூட மதிக்காம ஜிகுஜிகுன்னு மின்னுது. ரெண்டு பச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் பளிச்னு தெரியணும், இங்க ஒரே பாட்டில்தான் ரெண்டு இடத்துக்கும். நாசிலுக்குப் பின்னாடி வெறும் மெட்டலா இருக்கற இடத்துல சூட்டுக்கு தகட்டுக்குத் தகடு நிறம் மாறியிருக்கும், ஃபேன்டம்ல பெயின்ட் அடிக்கவே ஆசையான இடம் அதுதான், இவர் ஒரே சில்வரை பூசி முடிச்சிட்டாரு. எனாமல் பெயின்ட் மேல அதை அரிக்கிற லாக்கர் கிளியரை அடிச்சிருப்பாரு போல, ரெக்கை மேல பெயின்ட் சுருங்கி வெடிச்சிருக்கு. டீக்கல் (தண்ணில ஊற வச்சு ஒட்டுற சின்னங்கள்) ஓரமெல்லாம் வெள்ளி பூத்திருக்கு, பளபளப்பு கோட் போடாம சொரசொரப்பு மேலயே ஒட்டினா அப்படித்தான் காத்து அடியில மாட்டிக்கும். ஃபேன்டத்தோட ரெக்கை நுனி 12 டிகிரி மேல தூக்கியும் டெயில் 23 டிகிரி கீழ சரிஞ்சும் இருக்கணும், இதுல டெயில் ஒருபக்கம் மட்டும் கிட்டத்தட்ட நேரா நிக்குது.

கேட்டதுக்கு மொதல்ல "டிரான்ஸ்போர்ட்ல டேமேஜ்"ன்னாரு. டிரான்ஸ்போர்ட்ல நாசில் நீளமாகுமா சார்னு கேட்டேன். "கஸ்டம் வேலைக்கு ரீஃபண்ட் கெடையாது"ன்னு ஒரு மெசேஜ், அதோட பிளாக்.

யார்கிட்ட குடுத்தாலும் பாதிப் பணம் மட்டும் குடுங்க, போட்டோ கேக்கும்போது உங்க பேரை பேப்பர்ல எழுதி மாடல் பக்கத்துல வச்சு எடுக்கச் சொல்லுங்க, பிரைமர் அடிக்கறதுக்கு முன்னாடி இன்டேக்கையும் நாசிலையும் கிட்டக்க காட்டச் சொல்லுங்க, பெயின்ட் ஏறிட்டா எல்லா பொய்யும் மறைஞ்சிரும்.

இப்போ அதே திருட்டு போட்டோவை வேற பேர்ல போட்டு ஆர்டர் எடுக்கறாரு. அடையாளம் சொல்றேன்: வெட்டுற மேட் மேல வச்ச ஃபேன்டம், முன் கேனபி (விமானி மேல இருக்கற கண்ணாடி மூடி) திறந்திருக்கும், பின் கேனபி மூடியிருக்கும், இடது ரெக்கை ஓரத்துல மஞ்சள் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டிட்டு இருக்கும். அதை யாராவது "என் வேலை"ன்னு அனுப்பினா இவர்தான்.