கோர்சிகாவில் ஒரே ஒரு நாள்: ஃபிலிட்டோசாவா, லெவியா?

மத்தியதரைக் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு கோர்சிகா. அதன் தெற்குப் பக்கத்தில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, பழங்காலச் சமாச்சாரம் ஏதாவது பார்க்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஃபிலிட்டோசாவைத்தான் கை காட்டுவார்கள். தப்பில்லை. ஆனால் என் ஓட்டு மலைமேல் இருக்கும் லெவிக்கு.

முதலில் ஃபிலிட்டோசாவுக்கு உரியதைக் கொடுத்துவிடலாம். தராவோ பள்ளத்தாக்கில், கடலுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கார் நிறுத்தி இறங்கினால் அதிகம் நடக்க வேண்டாம். நிலத்துக்குச் சொந்தக்காரரான செசாரி 1946-இல் இங்கே இருக்கும் பழங்கால நெடுங்கற்களைக் கவனித்தார், 1954-இலிருந்து தொல்லியலாளர் ரோஜே குரோஜான் தோண்டி ஆராய்ந்தார். சும்மா நட்டு வைத்த நெடுங்கற்கள் இல்லை இவை: கண், மூக்கு, தாடை எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள், சிலவற்றின் மார்பில் வாளும் குறுவாளும்கூட உண்டு. ஒரு கிழட்டு ஒலிவ மரத்தடியில் ஐந்து கற்கள் வரிசையாக நிற்பதைத்தான் எல்லாப் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். கடல் வழியாக வந்த ஷர்தானா என்ற படையெடுப்பாளர் கூட்டம் இந்தச் சிலைகளை உடைத்துப்போட்டுத் தன் கோபுரங்களைக் கட்டியது என்று குரோஜான் ஒரு கதை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோபுரம் கட்டியதும் தீவுக்காரர்களே என்றுதான் இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள்.

சரி, லெவி. ஆல்ட்டா ரொக்கா மலைப்பகுதியில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊராட்சி. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பீடபூமிக் காட்டுக்குள் குக்குருட்சு என்ற வெண்கலக் காலக் கோட்டை இருக்கிறது. ஓக், செஸ்ட்நட் நிழலில் நடந்து போக வேண்டும். போய்ச் சேர்ந்தால், எது இயற்கைப் பாறை, எது மனிதன் அடுக்கிய சுவர் என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. கிடந்த பெரிய பாறைகளை நகர்த்தாமல் அவற்றையே சுவரோடு சேர்த்துக் கட்டி, இடுக்குகளைச் சிறு அறைகளாக்கி வாழ்ந்திருக்கிறார்கள். செதுக்கிய முகம் எதுவும் அங்கே கிடையாது, ஆனால் ஆள் குடியிருந்த இடம் என்பது உடம்புக்கே தெரியும்.

ஆனால் நான் லெவியைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் ஊருக்குள் இருக்கும் மியூசியம். 1972-இல் பொனிஃபாசியோ பக்கம் ஒரு பாறை ஒதுங்கிடத்தில் கிடைத்த பெண்ணின் எலும்புக்கூடு அங்கேதான் இருக்கிறது (லெவிக்காரி இல்லை, வந்து குடியேறியவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்). சுமார் 8,500 ஆண்டுக்கு முந்தைய இடைக்கற்காலம். இடது கை விளங்காது, தாடையில் மோசமான சீழ்நோய். அப்படிப்பட்டவள் தானே தேடித் தின்றிருக்க முடியாது, யாரோ வருடக்கணக்கில் ஊட்டியிருக்கிறார்கள்; இறந்ததும் காவி மண் தூவிப் புதைத்திருக்கிறார்கள். ஃபிலிட்டோசாவின் வாள் வீரர்கள் யாரும் என்னை இவ்வளவு நேரம் நிற்க வைக்க மாட்டார்கள்.

தெற்கிலேயே கௌரியா என்ற இன்னொரு பழங்கால இடமும் இருக்கிறதே என்பீர்கள். அங்கிருக்கும் ஃபொந்தனாச்சா கல்திட்டை அழகுதான், ஆனால் உச்சிவெயிலில் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

லெவியில் ஒரு சங்கடம்: கார் இல்லாமல் முடியாது, கோட்டையும் மியூசியமும் வேறு வேறு இடம். காலையில் காடு, வெயில் ஏறியதும் மியூசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் தெம்பிருந்தால், மூடும் நேரத்தை முன்பே விசாரித்துவிட்டு ஃபிலிட்டோசாவுக்கு இறங்குங்கள். நடுப்பகலில் மழுங்கித் தெரியும் அந்த முகங்கள் சாய்வெயிலில்தான் எடுப்பாகத் தெரியும்.