மன்னார்குடி ஈரக்காற்றில் ஏர் ரைஃபிள் கைப்பம்ப்: சில வருடப் பயன்பாடு

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் வாங்க வருகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அமுக்கிய காற்றால்தான் அது சுடுகிறது, அந்தக் காற்றை அதன் சிலிண்டரில் எங்கே நிரப்புவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்களுக்கு ரேஞ்சிலேயே பெரிய டைவிங் சிலிண்டர் இருக்கும், இரண்டு நிமிட வேலை. மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காற்றுக்காகத் தஞ்சாவூர் தாண்டித் திருச்சிவரை போய்வந்தால் அன்றைய பகல் அதோடு சரி. அதனால் கைப்பம்ப். நானும் அண்ணன் மகளும் ஒரே பம்பைத்தான் சில வருடமாகப் பயன்படுத்துகிறோம். மூன்று கட்டமாகக் காற்றை அமுக்குகிற வகை. கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை, இந்த விலைக்குள் வருகிற பம்புகள் உள்ளே ஏறக்குறைய ஒரே மாதிரிதான், எது நன்றாக ஓடும் என்பதை நாம் வைத்துக்கொள்கிற விதமே முடிவு செய்கிறது.

சுடுவதற்கு இடம் பிரச்சினையே இல்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகள் எல்லாம் அகலம் குறைந்து நீளம் கூடியவை, ரேழியில் நின்று முற்றம் தாண்டிப் பார்த்தால் பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். சுடும் நேரத்தில் கொல்லைக் கதவைப் பூட்டிவிட வேண்டும், குறிக்குப் பின்னால் சுட்ட ஈயக்குண்டைத் தடுத்துப் பிடிக்கிற கனமான பெட்டி, அதாவது பெல்லட் ட்ராப் வேண்டும், அவ்வளவுதான்.

பம்புக்குக் கீழே கால் வைத்து மிதிக்க மடக்குத் தகடு கொடுக்கிறார்கள். சிமெண்ட் தரையில் அது வழுக்கும், பம்ப் லேசாகச் சாயும், சாய்ந்தபடி அடித்தால் உள்ளே இருக்கிற தண்டு ஒரு பக்கமாகத் தேயும். தேக்குப் பலகை ஒன்றில் தகட்டை போல்ட் போட்டு இறுக்கி, பலகைக்கு அடியில் ரப்பர் ஒட்டினோம். வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது. செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை, தச்சர் காசு வாங்கவே மாட்டேன் என்றார், துப்பாக்கியைக் காட்டினால் போதுமாம்.

புதிதாக அடிப்பவர்கள் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. சிலிண்டரில் ஏற்கெனவே 120 பார் இருக்கிறது என்றால், பம்பையும் சிலிண்டரையும் இணைக்கிற குழாயில் அந்த 120 வரும்வரை ஒரு சொட்டுக் காற்றுகூட உள்ளே போகாது. அப்புறம்தான் சிலிண்டர் நிறைய ஆரம்பிக்கும், அதுவும் மெதுவாக. கைப்பிடியை முழுக்க மேலே இழுத்து, முழுக்கக் கீழே அமுக்கி, அடியில் ஒரு கணம் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் கடைசிக் கட்டத்துக் காற்று குழாய்க்குப் போகிறது, அரைகுறையாக அடித்தால் உழைப்பு வீண். கையால் அமுக்காதீர்கள், முழங்கையை நீட்டி உடம்பு எடையை இறக்குங்கள். எடை குறைந்தவர்களுக்கு 180 பாருக்கு மேல் நிஜமாகவே கஷ்டம். "சித்தப்பா, கடைசி இருபது பார் நீங்க அடிச்சிடுங்க" என்று அண்ணன் மகள் ஒவ்வொரு தடவையும் பம்பை என் பக்கம் தள்ளிவிடுவாள். உண்மையில் அந்த இருபது பார் பெரும்பாலும் தேவையே இல்லை. மேட்ச் ரைஃபிளில், அதாவது போட்டிக்கான ரைஃபிளில், அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கிற ரெகுலேட்டர் இருக்கிறது, சிலிண்டரில் 180 இருந்தாலும் 200 இருந்தாலும் பெல்லட்டுக்குப் பின்னால் போகிற அழுத்தம் ஒன்றுதான், போட்டியின் அறுபது ஷாட்டும் பயிற்சி ஷாட்டும் சுட்ட பிறகும் மிச்சம் இருக்கும்.

டெல்டாக்காரர்கள் கவலைப்பட வேண்டியது உழைப்பைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. கணக்கைப் பாருங்கள். சிலிண்டர் சுமார் 0.2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 பாருக்கு 40 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே திணிக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் ஒரு கன மீட்டருக்கு இருபது கிராமுக்கு மேல் ஈரம் இருக்கும். ஆக, 40 லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். அமுக்கிய பிறகு அந்தக் காற்றால் ஆவியாகத் தாங்க முடிவது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, மிச்சம் எல்லாம் எங்கேயாவது நீராக விழுந்தே தீர வேண்டும். அது பம்புக்குள் விழ வேண்டுமா, சிலிண்டருக்குள் விழ வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பம்ப் சூடானால் ஈரம் ஆவியாகவே சிலிண்டருக்குள் போய் அங்கே குளிர்ந்து நீராகிறது. பம்ப் ஆறியிருந்தால் பம்பிலேயே நீராகிவிடும், பம்பில் மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடுகிற ப்ளீட் திருகைத் திறக்கும்போது புஸ் என்று வெளியே வந்துவிடும். அதனால்தான் ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் அடிக்காதே என்கிறார்கள். பலர் அது சீல் தேயாமல் இருக்க என்று மட்டும் நினைக்கிறார்கள். நாங்கள் கொஞ்சம் அடிப்போம், திருகைத் திறந்து நீரை வெளியேற்றுவோம், பம்பின் அடிப்பகுதியில் கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிடுவோம், மறுபடி அடிப்போம். மழைக்காலத்தில் ப்ளீட் துளைக்கு எதிரே வெள்ளைத் துணி பிடித்துப் பாருங்கள், ஈரம் தெறித்திருப்பது நன்றாகத் தெரியும். சித்திரை வெயிலில் நிரப்பினால் ஈரம் குறையும் என்று நினைக்காதீர்கள், மதியத்தில் கடல்காற்று ஏறிவிட்டால் அதுவும் ஈரக்காற்றுதான்.

காற்று உள்ளே வரும் பக்கம் சிலிக்கா ஜெல் குடுவை பொருத்தியிருக்கிறோம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வேலை முடிந்தது, வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலத்துக்குக் கோபால்ட் உப்பு காரணம், அதனால் சமையல் வாணலி வேண்டாம், பழையது ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஆரஞ்சு நிற மணி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆனால் குடுவை இருக்கிறது என்று ப்ளீட் செய்வதை விட்டுவிடக் கூடாது, அது ஈரத்தைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம், குறி அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். ரெகுலேட்டரில் துரு பிடித்தால் பெல்லட்டின் வேகம் ஏறி இறங்கும், பிறகு மூச்சு சரியில்லை, ட்ரிகர் சரியில்லை என்று பிள்ளைகள் தங்களையே நொந்துகொள்வார்கள்.

தை மாதம் இன்னொரு தொல்லை. அறுவடை மெஷின் ஓடுகிற நாட்களில் நெல் தூசு வீட்டுக்குள்ளேயே படியும், அது பம்புக்குள் போனால் சீலைக் கீறும். அந்த வாரங்களில் உள்அறையில் வைத்துத்தான் அடிப்போம், வடிகட்டி ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்துப் போடுவோம்.

சீல் தேய்வது சகஜம். மாற்று சீல் செட் கூடவே வரும் என்று விற்றவர் சொன்னார், வரவில்லை, கேட்டால் இன்றுவரை "அனுப்பிடறேன் சார்" தான். டிராக்டர் ஹைட்ராலிக் பாகம் விற்கிற கடையில் அளவு பார்த்து ஓ-ரிங் வாங்கலாம். சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது ஷோர் 70 கடினம், இந்த அழுத்தத்தில் அது பிதுங்கிவிடும், ஷோர் 90 என்று கேட்டு வாங்குங்கள். தடவ சிலிகான் கிரீஸ் மட்டும். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் கிட்டேயே வரக்கூடாது, அமுக்கத்தில் சூடாகும் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கும். இதைவிட ஆபத்தானது வெல்டிங் கடை ஆக்ஸிஜன். "அதுவும் காத்துதானே சார், நிரப்பித் தரட்டுமா" என்று நல்ல மனதோடு கேட்பார்கள். ஆக்ஸிஜனும் கிரீஸும் சேர்ந்தால் சிலிண்டர் வெடிக்கும், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மின் கம்ப்ரஸர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பெரிய சிலிண்டர் வைத்த ரைஃபிளோ, நாலைந்து பிள்ளைகள் சுடுகிற இடமோ என்றால் வாங்குங்கள், கைப்பம்பால் கட்டுப்படியாகாது. ஆனால் கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் இங்கே எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது ஊருக்கே தெரியும், ஒரு ஆள், ஒரு சின்ன சிலிண்டர் என்றால் எனக்குக் கைப்பம்பே போதும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதைப் பார்த்து இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகளும் இந்த விளையாட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள், அவர்கள் வீட்டில் முதல் நாளே கம்ப்ரஸருக்குப் பணம் போடச் சொல்ல எனக்கு மனசு வராது.

பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் மட்டும் பம்பை மாட்டுவதற்கு முன் சிலிண்டரில் பொறித்திருக்கிற தேதியைப் பாருங்கள். மேட்ச் ரைஃபிள் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் பத்து வருடம்தான் ஆயுள் கொடுக்கிறார்கள். தேதி தாண்டியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்ட்ரோக்கூட அடிக்காதீர்கள், போட்டியிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், புதுச் சிலிண்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பேரம் பேசுங்கள்.